இருபத்தாறாம் எண் பிள்ளையின் கடிதங்கள்

அந்த லேப்டாப்பின் விசைப்பலகையில் 'A' இருக்க வேண்டிய இடத்தில் 'Q' இருந்தது. 'Z' இருக்க வேண்டிய இடத்தில் 'W'. 'M' தன் இடத்தை விட்டுவிட்டு 'L'-க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. எண்களை அடிக்க ஷிப்டைப் பிடிக்க வேண்டும். முற்றுப்புள்ளிக்குக்கூட ஷிப்ட்தான்.

திண்டுக்கல்லில் ஒரு மாடிக் கட்டடத்தின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மூன்று வருடம் தட்டியவள் நான். ஆங்கிலத்தில் ஹையர், தமிழில் லோயர் பரீட்சை பாஸ். ஆங்கிலத்தில் asdf, தமிழில் யளனக என்று என் விரல்களுக்கு எழுத்துகளின் இடம் மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன். அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்த முதல் நாள், என் பெயரையே தப்பாக அடித்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீடு தாடிக்கொம்புப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டம். வெங்காயமும் கத்தரியும் மாற்றி மாற்றிப் போடுவார். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமையும் வரை சும்மா இருப்பானேன் என்று வேலைக்குப் போனேன். திண்டுக்கல் வந்து, பஸ் மாறி, நத்தம் சாலையில் போய் சாணார்பட்டிக்கு முன்னால் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் அந்த இல்லம். தாய் தகப்பன் இல்லாத, இருந்தும் வளர்க்க வழியில்லாத பெண் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். இல்லத்தை நடத்தியவரை எல்லோரும் அய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ ஒரு குடும்பம் உதவி செய்தது. பிள்ளைகள் வருடத்துக்கு மூன்று முறை அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் கடிதம் எழுதுவார்கள். அதைப் பிரெஞ்சில் மாற்றிக் கையால் எழுதித் தருவதற்கு ஓர் அம்மா இருந்தார். பாண்டிச்சேரியில் பிறந்து திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவர், கணவர் இறந்துவிட்டார், காலேஜில் படிக்கும் ஒரு மகள். முன்பு ஏதோ பள்ளியில் பாடம் எடுத்ததால் அவரை டீச்சர் என்பார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். என்னிடம் அநேகமாகப் பேச மாட்டார். அவர் எழுதித் தந்ததைப் பார்த்து லேப்டாப்பில் அடித்து, அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. லேப்டாப்பும் அங்கிருந்து யாரோ அனுப்பியதுதான். டவுனில் ஒரு கடையில் கொடுத்து அதில் தமிழையும் ஏற்றி வைத்திருந்தார் அய்யா.

எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியாத மொழியை ஒரு புள்ளி பிசகாமல் அடிக்க வேண்டும். é வேண்டுமானால் மேல் வரிசையில் 2. è வேண்டுமானால் 7. வால் வைத்த ç வேண்டுமானால் 9. பெரிய எழுத்தில் É வந்தால் அதற்கென்று விசையே கிடையாது. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு, எழுத்துகளின் அடியில் நீல நிறத்தில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்களில் 0201 என்று தட்ட வேண்டும். இந்த எண்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். ஆல்ட்டும் ஷிப்டும் தவறிப்போய்ச் சேர்ந்து அமுங்கினால் மொழியே மாறிவிடும். டீச்சரின் தாளைப் பார்த்தபடி அடித்துக்கொண்டே போய்த் தலை நிமிர்ந்தால், கடிதத்தின் நடுவில் பாதிப் பக்கத்துக்குத் தமிழ் எழுத்துகள் பொருளில்லாமல் கொட்டிக் கிடக்கும்.

நான் சேர்ந்த அன்றே அய்யா சொன்னார்: "ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னாலும் அவுகளுக்குக் கோவம் வந்துரும்மா. முன்னால ஒருக்கா ஒரு அம்மா பேருல புள்ளிய விட்டுட்டோம். 'என் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியல, புள்ளைய எப்படி வளப்பீங்க'ன்னு கேட்டு எழுதிருச்சு."

அந்த அம்மாவின் பெயரில் y-யின் தலையில் இரண்டு புள்ளி. நமக்கு மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி. அந்த அம்மாவுக்கு இரண்டு. ஷிப்டோடு ஒரு விசையை அமுக்க வேண்டும், அப்போது திரையில் ஒன்றுமே வராது. அடுத்து y-யை அமுக்கினால் புள்ளிகளோடு சேர்ந்து ÿ வந்து நிற்கும். நாற்பது குடும்பங்களிலும் இந்த எழுத்து அந்த ஒருவருக்குத்தான். அதனாலேயே அந்தப் பெயர் எனக்கு மனதில் நின்றது. வயதானவர், தனியாக இருப்பவர் என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். அவர் உதவி செய்த பிள்ளை எண் இருபத்தாறு.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். கடிதங்களை எண் வாரியாகக் கட்டி வைக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாப் பிள்ளைகளின் பிரெஞ்சுத் தாளோடும் அவர்கள் எழுதிய தமிழ்த் தாள் குண்டூசியில் குத்தப்பட்டிருந்தது. இருபத்தாறுக்கு மட்டும் தமிழ்த் தாள் இல்லை. டீச்சரின் பிரெஞ்சுத் தாள் மட்டும், அதோடு ஒரு பசு மாட்டுப் படம்.

"டீச்சர், இதுல தமிழ் பேப்பர் விட்டுப்போச்சு."

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உனக்குத் தமிழ் பேப்பர் எதுக்கு? அடிக்கிறது பிரெஞ்சுதானே?"

அதற்குப் பிறகுதான் நான் யோசித்தேன். இந்த இரண்டு மாதத்தில் முப்பத்தொன்பது பிள்ளைகளின் முகமும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறின் முகம் தெரியாது. ஃபைலை எடுத்து அவளுடைய போட்டோவைப் பார்த்தேன். இரட்டைச் சடை, இடது புருவத்தில் ஒரு தழும்பு, சிரிக்காத முகம். சாப்பாட்டு வரிசையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை.

ஒன்பதாம் எண் பிள்ளை சின்னவள், எட்டு வயது இருக்கும். ஒரு மதியம் அலுவலக அறைக்கு வெளியே தரையில் படுத்து, நாக்கை நீட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். பசு மாடு. எட்டிப் பார்த்தேன். கடிதத்தோடு போன அதே மாடு.

"யாருக்கு வரையிற?"

"அக்காவுக்கு. அய்யா மிட்டாய் குடுப்பாக."

"மாட்டுக்குக் கொம்பு எங்க?"

"கொம்பு வைக்கக் கூடாதுக்கா. அந்த அக்கா எப்பவும் கொம்பில்லாமத்தான் வரையுமாம். டீச்சர் சொன்னாக."

"அந்த அக்கா இப்ப எங்க இருக்கு?"

"அது சித்தி வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. எப்பவோ."

சமையற்கட்டில் வேலை பார்த்த அக்காவிடம் கேட்டேன். அவர் வெஞ்சனத்துக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். "பழனிப் பக்கம் வேற ஹாஸ்டல்ல சேத்துருக்காகளாம்" என்றார். கொஞ்ச நேரம் நறுக்கிவிட்டு, தலையைத் தூக்காமலே, "ஏத்தா, நீ தட்டுறத தட்டிட்டுப் போ. எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்கு" என்றார்.

சம்பந்தம் இல்லாமல் கேட்பதுபோல அய்யாவிடமும் கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. ஊருக்குப் போயிருக்கு, வந்துரும்" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். "உங்க ஊருல இப்பக் கெணத்துல தண்ணி கெடக்காம்மா?"

"கெடக்குங்கய்யா."

"அப்பா நல்ல மனுசன்னு சொன்னாக. தனி ஆளா வெள்ளாம பாக்குறாராமே."

அப்பாவைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே நினைப்பாக இருந்தது. சித்தி கூட்டிப் போனாள், பழனி ஹாஸ்டல், அம்மை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பிள்ளை நன்றாக இருப்பதாகக் கடிதம் மட்டும் தவறாமல் போகிறது. அதை அடிப்பது என் விரல்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "போன வாரம் ஒருத்தன் பைக்குல தோட்டத்துக்கு வந்தான். 'உங்க பொண்ணு ஒழுங்கா வேலைக்குப் போகுதா'ன்னு கேட்டான். நான் என்னமோ மாப்பிள்ள வீட்டுக்காரவுக விசாரிக்க வந்துருக்காகன்னு நெனச்சு மோர் குடுத்து அனுப்புனேன்" என்றார். அம்மா உடனே, "நாளையிலருந்து போகாத" என்றாள். நான் மறுநாளும் போனேன். பயம் இல்லாமல் இல்லை. போகாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இதற்குள் எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு பிடிபட ஆரம்பித்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. தமிழ்த் தாளையும் பிரெஞ்சுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் தன்னால் தெரியும். பிள்ளைகள் எழுதுவது ஒரே மாதிரிதான். 'நான் நலமாக இருக்கிறேன்.' 'நான் ஆறாம் வகுப்பில் இருக்கிறேன்.' 'உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?' இதில் 'எங்கே' வரும் இடத்தில் எல்லாம் பிரெஞ்சில் ஒரு ù இருந்தது. விசைப்பலகையின் வலது ஓரத்தில் அதற்கென்று தனி விசையே உண்டு. É-க்கு இல்லாத விசை இந்த எழுத்துக்கு எதற்கு என்று யோசித்திருக்கிறேன். நான் அடித்த அத்தனை கடிதத்திலும் தேடிப் பார்த்தேன். எங்கே என்று கேட்கும் அந்த ஒரே சொல்லைத் தவிர வேறு எதிலும் அது வரவில்லை.

ஐப்பசிக் கடிதங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. இருபத்தாறுக்கு டீச்சர் எழுதித் தந்த தாளில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: நான் நலம், நான் எட்டாம் வகுப்பில் இருக்கிறேன், மாடு கன்று போட்டிருக்கிறது. அடித்து அச்செடுத்துக் கொடுத்தேன். டீச்சர் பென்சிலால் திருத்திப் பார்த்தார். பெயரில் புள்ளிகள் இரண்டும் விட்டுப்போயிருந்தன. வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.

"திரும்ப அடிச்சு நேரா கவர்ல போட்டுரு. நான் பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அறையில் நான் மட்டும். வெளியே பிள்ளைகள் பம்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம். ÿ-யைத் திருத்தினேன். அப்புறம் மாடு கன்று போட்ட வரிக்குக் கீழே ஒரு வரி இறக்கினேன். 'அவள் இங்கே இல்லை' என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எனக்கு 'அவள்' தெரியாது. பிள்ளைகளின் கடிதத்தில் 'நான்' மட்டும்தானே வரும்? தெரிந்ததை வைத்து அடித்தேன்: Où je suis?

நான் எங்கே இருக்கிறேன்?

படித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளையே வந்து பக்கத்தில் நின்று கேட்டதுபோல இருந்தது. அச்செடுத்தேன், உறையில் போட்டேன், ஒட்டினேன். அய்யா மாலையில் வந்து எல்லா உறைகளின் மேலும் முத்திரை குத்தினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இருந்தாலும் அந்த உறையில் முத்திரை விழும் வரை நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். ஆனால் வருகிற கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பது டீச்சர்தான். இது அடித்து முடித்த பிறகுதான் என் புத்தியில் உறைத்தது. அந்த ஒரு மாதமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடிப்பதை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன்.

கார்த்திகை கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. நீல உறை, நடுங்கும் கையெழுத்து. டீச்சர் பிரித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். வழக்கமாகத் தமிழில் எழுதி ஃபைலில் போடுவார். போடவில்லை.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ என்ன எழுதின, தெரியுமா உனக்கு?"

"தெரியும் டீச்சர்."

"தப்பான பிரெஞ்சு. ஆனா புரியும். அந்தக் கெழவிக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு. புள்ளைக்கு என்ன ஆச்சு, ஏன் இப்படிக் கேக்குதுன்னு நாலு பக்கம் எழுதியிருக்கா. தூக்கமே இல்லையாம்."

"அந்தப் புள்ள எங்க டீச்சர்?"

டீச்சர் சாலையைப் பார்த்தார். பஸ் வரும் அறிகுறி இல்லை. "மில்லுல. அவ சித்தி கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயி ஒரு நூல் மில்லு ஹாஸ்டல்ல விட்டுட்டா. போன வருஷம் சித்திரையிலயே. பன்னெண்டு வயசு அப்ப. அய்யாவுக்குத் தெரியும். புள்ள இல்லன்னு எழுதினா அந்தப் பக்கத்து உதவி நின்னுடும்னு என்னை எழுதச் சொன்னாரு. எழுதினேன்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"செஞ்சாச்சு. காய்ச்சல்ல கிடந்தப்ப எழுதின லெட்டர், ஏதோ உளறியிருக்கா, இப்ப நல்லா இருக்கான்னு மத்தியானமே கையாலயே பதில் எழுதிப் போட்டுட்டேன். அய்யாகிட்ட உன்னப் பத்திச் சொல்லல. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, படிச்சிக்கிட்டிருக்கா. இனிமே என் தாள்ல இல்லாத ஒரு புள்ளிகூட நீ வைக்காத."

பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறிப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். திண்டுக்கல் வரும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அட்டைத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். அங்கே எழுத்துகள் அதனதன் இடத்தில் இருந்தன, ஆனால் என் விரல்கள் அதற்குள் பழக்கம் மாறிப்போய் 'A'-க்கு 'Q'-வைத் தேடின. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எட்டு வரி எழுதினேன். இருபத்தாறாம் எண் பிள்ளை ஒன்றரை வருடத்துக்கும் மேலாக இல்லத்தில் இல்லை. ஒரு நூல் மில்லில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மாட்டுப் படம் வேறு பிள்ளை வரைந்தது. கடிதங்களை அடித்தது நான், மன்னித்துக்கொள்ளுங்கள். விலாசத்தை மனதில் வைத்திருந்தேன். பெயரில் வரும் அந்த எழுத்துக்கு இங்கே விசை இல்லை. ஆல்ட்டைப் பிடித்து 0255 என்று அடித்தேன், வந்தது. கீழே என் பெயரைப் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். அன்று தைரியம் இல்லை.

அச்செடுத்து உறையில் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டுத் தபாலாபீஸை விட்டு வெளியே வந்தால், எதிர்ச் சாரியில் பைக்கில் சாய்ந்தபடி ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யாருக்காக நின்றானோ, எனக்குத் தெரியாது. வீடு போய்ச் சேரும் வரை நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

மாசி மாதம் அய்யாவுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். மேசைக்கு எதிரே நாற்காலியைக் காட்டினார். அதுவரை என்னை உட்காரச் சொன்னதில்லை.

"நம்ம ஆபீஸ்ல டைப் அடிக்கத் தெரிஞ்சவுக எத்தன பேரும்மா?"

"நான் ஒருத்திதாங்கய்யா."

"அதான் நானும் நெனச்சேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆள் விட்டு லேப்டாப்பைத் தன் அறைக்குக் கொண்டுவரச் செய்தார். "இனிமே இங்கயே உக்காந்து அடி. அங்க காத்து வராது, பாவம்." பிறகு, "அந்த இருபத்தாறு ஃபோல்டர் இருக்குல்ல, அத அழிச்சுரு. புள்ள ஊரோட போயிருச்சுல்ல, எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு" என்றார்.

என் பின்னால் வந்து நின்றார். சந்தன வாசனை. நான் அந்தக் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் விசையை அமுக்கினேன். நிச்சயமாகவா என்று பிரெஞ்சில் ஒரு கட்டம் கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். திரையில் அது காணாமல் போனது.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்கய்யா."

திரையின் மூலையில் ஒரு குப்பைக் கூடைப் படம் இருந்தது. அழித்ததெல்லாம் அதற்குள்தான் போய்க் கிடக்கும். அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை. நான் செய்த காரியம் அவ்வளவுதான், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டது. அடுத்த மூன்று வாரமும் அவர் எதிரே உட்கார்ந்து அடித்தேன். அவர் பேப்பர் படிப்பார். நடுவில் பேப்பரை இறக்கி என் கையைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். விரல்களை மட்டும்.

பங்குனியில் ஒரு காலை, நான் போய்ச் சேரும்போதே வாசலில் கலெக்டர் ஆபீஸ் ஜீப் நின்றது. ஒரு பெண் அதிகாரி, கூட இரண்டு பேர். அய்யா எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொல்லியிருந்தார். யாரும் குடிக்கவில்லை. அதிகாரி பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார்.

"என்ன கீபோர்டும்மா இது? ஏ-யவே காணோம். யாரு இதுல டைப் பண்றது?"

"நான்தான் மேடம்."

"இந்தப் புள்ளையோட லெட்டரெல்லாம் எங்க?"

அய்யா கதவில் சாய்ந்து நின்றார். "அதெல்லாம் பழசுங்க மேடம், அழிச்சாச்சு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவசரத்தில் ஆல்ட்டும் ஷிப்டும் அமுங்கி மொழி மாறியது, திரும்ப மாற்றினேன். குப்பைக் கூடையைத் திறந்தேன். நான் அடித்த மூன்று கடிதங்களும் தேதியோடு கிடந்தன. அதிகாரி தேதிகளைப் படித்தார், பதிவேட்டைப் பார்த்தார். "இதை அடிக்கும்போது புள்ள இங்க இல்லன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மொதல்ல தெரியாது மேடம். அப்புறம் தெரியும்."

"தெரிஞ்சும் அடிச்ச."

"ஆமா மேடம்."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அய்யா என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "செத்த நேரம் உக்காரும்மா, வேர்த்துப்போச்சு உனக்கு" என்றார்.

பிள்ளையை நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரணைக்கு என்னையும் திண்டுக்கல்லுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் நானும் போனோம். அலுவலக வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போட்டோவில் பார்த்த முகம் இல்லை, தழும்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். இருமல் விட்டு விட்டு வந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் நுனி இல்லை.

நான் இன்னார் என்று சொன்னேன். அவள் பெயரில் கடிதம் அடித்தவள் என்றேன். அதற்கு அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் எத்தனாவது படிக்கிறதா எழுதுனீங்க?"

"எட்டாவது."

"அப்ப ஏழாவது பாஸாயிட்டனா?"

அப்பா என் கையைப் பிடித்து, "வா, போகலாம்" என்றார். உள்ளேயிருந்து கூப்பிட்டதும் அவள் எழுந்து போனாள்.

அவளை வேறொரு ஊரில், வேறொரு விடுதியில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பிரெஞ்சுக்கார அம்மா பிறகும் அவளுக்கு எழுதினாரா, எனக்குத் தெரியாது. அய்யாவைக் கைது செய்து இல்லத்தை மூடினார்கள். மீதி முப்பத்தொன்பது பிள்ளைகளையும் பிரித்து நாலா பக்கமும் அனுப்பினார்கள். சமையல் அக்கா ஒருநாள் சந்தையில் என்னைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஒருத்திக்காக அம்புட்டுப் புள்ளைகளையும் வீதியில விட்டுட்டியே, நல்லா இருப்பியா?" ஒன்பதாம் எண் பிள்ளை எங்கே போனாள் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்காமலே பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். டீச்சர் மகளைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்கே போய்விட்டார் என்றார்கள்.

எங்கள் தோட்டத்து மோட்டாரின் வயரை ஒருநாள் யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. அப்பா யாரிடமும் சொல்லாமல் புது வயர் வாங்கிப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆகி, கன்னிவாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். ஒரு நாள் பகலில், கைக்குழந்தையோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து மெல்லிய குரல்.

"நல்லா இருக்கியாம்மா?"

அய்யா. அதே வெள்ளைச் சட்டை. தோளில் புதுசாக ஒரு லேப்டாப் பை. ஜாமீனில் வந்ததும், வழக்கு இழுத்துக்கொண்டு கிடப்பதும் எனக்குத் தெரியும். குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "பொட்டப் புள்ளையா?"

"ஆமாங்கய்யா." இத்தனைக்குப் பிறகும் என் வாயில் அந்த 'ங்கய்யா' தானாகவே வந்தது.

"கரூர்ப் பக்கம் சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். இருபது புள்ளைக. இப்ப ஜெர்மன்காரங்க. அவுக எழுத்துலயும் மேல புள்ளி வைக்கணுமாம், யாருக்கும் வர மாட்டேங்குது." சிரித்தார். "உன்ன மாதிரி சுத்தமா அடிக்க ஆள் கெடைக்கலம்மா. வாரியா?"

நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினேன். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அதே இடத்தில் நின்றபடி, யாரிடமோ போனில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.